முதல் வரிசைச் சந்தேகம்

"உங்கப்பா மறுபடியும் கையைத் தூக்கறார்டி," என்றாள் தோழி.

கடைசி வரிசையில் இருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு. வகுப்பில் வாயாடி என்று பெயர். இன்று வாயே திறக்கவில்லை.

மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று டாக்டர்களுக்கு நடக்கும் வகுப்பு; கடைசி வரிசையில் மாணவர்களும் உட்கார்ந்து கேட்கலாம். வந்தால் டாக்டர்களுக்குப் புள்ளி உண்டு. புள்ளி சேர்ந்தால்தான் மருத்துவக் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க முடியும். ஆகவே அரங்கம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் மருந்துக் கம்பெனி கொடுத்த பையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள்.

முதல் வரிசையில், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே அப்பா. தெருமுனையில் சின்னதாகக் கிளினிக் வைத்திருப்பவர்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம். கட்டியில ஊசி குத்திச் சதை எடுத்தா, புற்று உடம்பு முழுக்கப் பரவிடுமாமே, நெஜமா?"

தூங்கியவர்களும் விழித்துக்கொண்டு சிரித்தார்கள். "இவருக்கு யாருய்யா பட்டம் கொடுத்தது?" என்றது ஒரு குரல்.

மேடையிலிருந்த பேராசிரியை ஏதோ ஆய்வுக் கட்டுரையைச் சொல்லி ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேணாம்மா," என்றார் அப்பா. "பள்ளிக்கூடமே போகாதவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

இன்னும் பெரிய சிரிப்பு. அவருக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல மகளும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "பரவாது. அந்தத் துளிச் சதையைப் பார்த்தாத்தான் எந்த வகைக் கட்டி, எந்த மருந்து கேட்கும்னு தெரியும். நான் இவ்வளவு நேரம் சொன்ன புது மருந்தெல்லாம் அதுக்கப்புறம்தான். ஊசிக்குப் பயந்து வீட்டுல உட்கார்ந்திருந்தாத்தான் ஆபத்து."

"தெளிவாச்சு. நன்றிம்மா." அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே போனார்.

மகள் வராந்தாவில் அவரை மடக்கினாள்.

"மானம் போச்சுப்பா. இது முதல் வருஷத்துப் பசங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க? நாளைக்கு என் ஃப்ரெண்ட்ஸ் முகத்துல நான் எப்படி முழிக்கறது?"

"நான் சொன்னா எடுபடலையேம்மா. தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிப் பார்த்துட்டேன். 'நீங்க சளி, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கறவரு, இதுல உங்களுக்கு என்ன தெரியும்?'னு ஒரே பிடிவாதம். கட்டி வேற பெரிசாயிட்டே போகுது."

"யாருக்கு?"

அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்னம்மா, பெரிய டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சுங்க. நாளைக்கே வந்து ஊசி குத்திக்கறேன்." ஒரு பெண்ணின் குரல். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டது:

"ஆனா டாக்டர், என் சந்தேகத்தைச் சொன்னப்ப அங்க எதுக்கு அத்தனை பேரு சிரிச்சாங்க?"