சபேசனின் ழகரம்

எழிலியும் நானும் காதலித்தது ஒரு நிறுவனம் நடத்திய இணைய மன்றத்தில். நிறுவனம் ஒருநாள் கடையைச் சாத்தியது. எங்களுடைய மூன்று வருடப் பேச்சும் அதோடு போயிற்று. எங்கள் காதலுக்கு முன்பு, யாருக்கும் சொந்தமில்லாமல் பல ஊர்க் கணினிகள் பகிர்ந்துகொண்ட ஒரு செய்திக்குழுவில், அவளும் சபேசன் என்பவனும் ஆங்கில எழுத்தில் தமிழடித்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டது மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்றுதான் கண்ணில் பட்டது. மழையின் ழகரத்துக்கு எல்லோரையும் போல ‘இசட் எச்’ போடாமல் அவன் வெறும் ‘இசட்’ போடுகிறான். இன்றுவரை எனக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் அவளும் அதையேதான் போடுகிறாள்.

“அதையெல்லாம் அழிக்கச் சொல்லு” என்றேன் எழிலியிடம்.

“யார்கிட்ட போய்ச் சொல்றது? ஊரூரா ஆளாளுக்கு ஒரு பிரதி வச்சிருக்காங்க. ஒருத்தர் அழிச்சாலும் இன்னொருத்தர்கிட்ட இருக்கும்.”

அவர்களுடைய மழைக்குக் கீழேயே, அதே ஆங்கில எழுத்தில் அடித்தேன்: ‘எழிலி இப்போது என் மனைவி.’ காலைக்குள் அது எல்லா ஊர்க் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. எழிலியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையருகே குனிந்து படித்தாள்.

“என் பேருக்கு நீங்களும் அவர் மாதிரியே இசட் போட்டிருக்கீங்க” என்றாள்.