மீன் தொட்டியில் கார் சாவி

பீப்பாய் இரண்டாவது தடவையாகச் சாமியாரின் ஜூஸைத் தட்டிவிட்டான்.

"டேய், கண்ணு தெரியலையா?" என்றேன்.

"கை வழுக்கிடுச்சு மச்சான்" என்று இளித்தான்.

கல்லூரியில் நாங்கள் மூவரும் ஒரே அறை. மூவருமே மொடாக்குடி. வேலைக்குப் போனதும் எனக்கு அது எப்போதாவது ஒரு பீர் என்று சுருங்கிவிட்டது. சாமியார் அடியோடு விட்டுவிட்டான், பட்டப்பெயரே அதனால்தான். பீப்பாய் மட்டும் மாறவில்லை. இன்றும் விஸ்கி கிளாஸைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சாமியாருக்குத்தான் என் தங்கையைக் கொடுக்கப்போகிறேன். இந்த மதிய விருந்தே அதற்காகத்தான்.

"சரி, நான் கிளம்பறேன். அவளுக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி முடியற நேரம். வீட்டுல விட்டுடறேன்" என்று சாமியார் எழுந்தான்.

மேஜையிலிருந்த அவன் கார் சாவியைப் பீப்பாய் பிடுங்கினான். தள்ளாடிப் போய் ஓட்டலின் மீன் தொட்டிக்குள் போட்டான்.

எனக்கு வந்ததே கோபம். அத்தனை பேர் முன்னாலும் பளாரென்று அறைந்தேன்.

"அங்க ஒரு பொண்ணு காத்துக்கிட்டு நிக்குது, உனக்கு விளையாட்டா? இனிமே என் மூஞ்சியில முழிக்காதே."

பீப்பாய் கன்னத்தைத் தடவிக்கொண்டான், அவ்வளவுதான்.

"விடுடா, குடிகாரன்கிட்ட என்ன பேச்சு" என்று சாமியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான்.

கொட்டிக் கிடந்த ஜூஸை என் கைக்குட்டையால் துடைத்தேன். குப்பென்று அடித்தது நெடி. முகர்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் சாராயம்.

நிமிர்ந்து பீப்பாயைப் பார்த்தேன்.

"அவன் ஆபீஸுக்குக் கீழதானே என் செல்போன் கடை" என்றான் பீப்பாய் மெதுவாக. "தினமும் பார்க்கிங்ல, காருக்குள்ள தனியா உக்காந்து குடிக்கறான். அப்படியே ஓட்டிக்கிட்டும் போறான்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லலை?"

"போன மாசமே சொன்னேன். 'போதையில உளறாதே'ன்னு போனை வெச்சுட்டே."

"சரி, அதுக்கு நீயும் குடிச்சுட்டு இப்படித் தள்ளாடணுமா?"

"குடிகாரன் தட்டிவிட்டாத்தான் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

தன் விஸ்கி கிளாஸை என் பக்கம் நகர்த்தினான். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஆப்பிள் ஜூஸ்.

"நான் விட்டு நாலு வருஷமாச்சு மச்சான், நீங்க யாரும் கேக்கவே இல்லை" என்று பாக்கெட்டிலிருந்து தன் வண்டிச் சாவியை எடுத்தான். "வா, தங்கச்சி காத்துக்கிட்டிருக்கும்."