ஒன்பது வரி

என் அறைத்தோழியின் கண்ணாடி கனத்தைப் பார்த்து விடுதியே அவளைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடும். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. ஒரே ஏஐ செயலியிடம் ஒரே கேள்வியைக் கேட்போம். எனக்கு ஏழு வரியில் பதில் வரும். அவளுக்கு ஒன்பது. பேராசிரியை மதிப்பெண்ணை அள்ளிப் போடுவது அந்தக் கடைசி இரண்டு வரிக்குத்தான்.

"அப்படி என்னதான்டி கேக்கற அதுகிட்ட?"

"நீ கேக்கறதையேதான். வேணும்னா பாரு," என்று என் போனையே வாங்கித் தட்டினாள். ஒன்பது வரி. அதையே நான் தட்டினேன். ஏழு.

"கொஞ்சம் அன்பா கேளுடி," என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பில் பாதி நாள் தூங்குகிறவள் அவள். குறிப்பெடுத்துக் கை ஒடிகிறவள் நான். ஒரு இயந்திரம்கூடவா ஆள் பார்த்துப் பரிமாறும்?

வெள்ளிக்கிழமை அவள் ஊருக்குப் போனாள். மடிக்கணினி மேசையிலேயே இருந்தது. கடவுச்சொல் எனக்குத் தெரியும். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கியதும் கதவைத் தாழிட்டேன். மடிக்கணினியோடு அவள் கட்டிலில் ஏறி, அவளுடைய நீலப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, அவள் சொன்னபடி அன்பாக 'ப்ளீஸ்டா செல்லம்' என்று சேர்த்துக் கேள்வியைத் தட்டினேன்.

பதில் வந்தது. எண்ணினேன். ஒன்பது வரி! வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

முதல் ஏழும் எனக்கு எப்போதும் வருகிறவைதான். கடைசி இரண்டை நிதானமாகப் படித்தேன்.

"மீதியை நீ ஊரிலிருந்து வந்ததும் சொல்கிறேன்.
உன் நீலப் போர்வைக்குள் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்."