நாலாவது மாடி

“கதவெல்லாம் அழகாத் திறக்குதும்மா. ஆனா கட்டடம் மாடி மாடியா எழும்புச்சே, அதை இன்னொரு தடவை காட்டுங்களேன்” என்றார் வந்தவர்.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தக் கட்டுமான நிறுவனத்தில் அவள் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொல்லி யாரும் கேட்டதே கிடையாது.

இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத ஏழு மாடிக் குடியிருப்பு அது. கம்ப்யூட்டரில் கட்டடத்தை வரைந்தது வேறு யாரோ. அதை அசைய வைத்தது அவள். தொட்டால் கதவு திறக்கும், காற்றுக்கு ஜன்னல் திரை ஆடும். லிஃப்ட் கதவு மூடுவதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்காகவே இரண்டு நாள் மெனக்கெட்டிருந்தாள்.

அலுவலகத்தில் அதற்கு ‘பொம்மைப் படம்’ என்று பெயர். அவளுக்கே ‘பொம்மை’ என்றுதான் பெயர். போன வாரம் மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“அடுத்த வெள்ளிக்குள்ள ஒருத்தராவது உன் படத்தைப் பார்த்து வீடு புக் பண்ணணும்மா. இல்லேன்னா பழையபடி கழிவுநீர்க் குழாய் வரையப் போயிடு. மேலிடத்துக்குப் பதில் சொல்லி என்னால மாளல.”

வருஷக்கணக்கில் குழாய் வரைந்தவள் அவள். மறுபடி அந்த மேஜைக்குப் போக அவளுக்கு இஷ்டமே இல்லை. இன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து வந்த ஒரே ஆள் இவர்தான்.

போன வருஷம் தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவராம். சோபாவின் நுனியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் படத்தை ஓட்டினாள். தரைத்தளம் எழுந்தது. அதன் மேல் ஒன்று, இரண்டு, மூன்று.

“இதோட நிறுத்துங்கம்மா. இப்போ காலை வெயில் எப்படி வரும்?”

“அதுக்கும் வழி இருக்கு சார்” என்று சூரியனை நகர்த்தினாள். “இது சும்மா அழகுக்குப் போட்ட வெயில் இல்ல. எந்த மாசம், எத்தனை மணிக்கு எங்க விழுமோ அப்படியே விழும்.”

“அப்படின்னா குளிர் மாசத்துக்கு வைங்க.”

வைத்தாள். அவர் கண் திரையின் கீழ் ஓரத்திலேயே இருந்தது. மணி காட்டும் எண்கள் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தன. விவரமான ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

“வெயில் உங்களுக்கா சார்?”

“வீட்டுக்காரிக்கும்மா. ஒரு பக்கம் கை கால் விழுந்து இப்பத்தான் தேறி வர்றா. காலையில கொஞ்ச நேரம் வெயில்ல உட்கார்ந்தா அன்னிக்குப் பூரா பேச்சுத்தான், வாயே ஓயாது. வெயில் இல்லாத அன்னிக்கு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. கோபம் வெயில் மேலயா என் மேலயான்னே தெரியாது.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளுக்கு மனசு இளகிப்போயிற்று. குழாய் மேஜை கொஞ்ச நேரம் மறந்தே போனது. இந்த அம்மாளுக்கு நல்ல வெயில் வரும் வீடாக அமைய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டாள்.

“இப்போ நாலாவது மாடியை வைங்கம்மா.”

வைத்தாள்.

“எடுங்க.”

எடுத்தாள்.

“மறுபடி வைங்க. மணியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துங்க.”

நாலாவது மாடி வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் மூக்கு திரையைத் தொடாத குறையாகக் குனிந்து பார்த்தார். அவள் அலுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது, ஆறாவது மாடிகளைக் காட்டலாமா என்று கேட்டதற்கு மட்டும் கையை ஆட்டிவிட்டார்.

“அதெல்லாம் எதுக்கு? நாலாவதுலயே தெரிஞ்சு போச்சு.”

கதவோரம் மேனேஜர் தலையை நீட்டினார். அவள் எழுந்து போனாள்.

“என்னம்மா, படியுமா?” என்றார் கிசுகிசுப்பாக.

“நாலாவது மாடியிலயே நிக்கிறார் சார். வேற எதையும் பார்க்கவே மாட்டேங்கிறார்.”

“விட்டுடாதே. இதோ வந்துட்டேன்.”

அவள் திரும்பி வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு மாசமா எத்தனையோ பேர்கிட்ட கேட்டுட்டேம்மா. வெயில் வரும்கிறாங்க, வராதுங்கிறாங்க, பார்க்கலாம்கிறாங்க. இவ்வளவு தெளிவா யாரும் சொல்லல. உங்க படத்துலதான் எனக்குப் புரிஞ்சுது. நல்ல வேலைம்மா.”

இத்தனை நாளில் அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட அதை வேலை என்று சொன்னதில்லை.

மேனேஜர் கையில் பேனாவும் முகம் நிறையச் சிரிப்புமாக வந்து சேர்ந்தார்.

“நாலாவது மாடிதானே சார்? கிழக்குப் பார்த்த வீடு அதுல ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. உங்க பேர்லயே எழுதிடட்டுமா?”

“எனக்கு வீடு வேண்டாங்க” என்றார் அவர் தணிந்த குரலில். “அந்த நாலாவது மாடியும் அதுக்கு மேல இருக்கிறதும் கட்டாம விட முடியுமான்னு கேட்கத்தான் வந்தேன்.”

பிறகு திரையின் கீழ் ஓரத்தில், அக்கம்பக்கத்து வீடுகள் என்று அவள் பெயருக்கு வைத்திருந்த சாம்பல் நிறப் பெட்டிகளில், நிழலுக்குள் முழுசாக முங்கிக் கிடந்த ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

“இது எங்க வீடும்மா.”