யார் பக்கத்து ரத்தம்?

"எங்க வம்சத்துல ஏழு தலைமுறையா மூளை சுத்தம், டாக்டர்!"

பிளாட்பாரக் கடைசி வரை எட்டும் குரலில் முழங்கிய ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், சட்டைப் பொத்தான்களை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார்.

டாக்டர் பொறுமைசாலி. "மனச்சிதைவு யாரும் செஞ்ச குத்தமில்ல சார். மூளையில டோபமைன்னு ஒரு ரசாயனம் தாறுமாறா வேலை செய்யுது. மரபணுவும் ஒரு காரணம். இன்னும் பல சங்கதி சேரணும். ரத்த சொந்தத்துல யாருக்காவது இது இருந்து, ஏதாவது மருந்து நல்லா வேலை செஞ்சிருந்தா, உங்க பையனுக்கும் அதைக் கொடுத்துப் பார்க்கலாம். அதான் கேட்டேன்."

"உண்மையைச் சொல்லிடுங்கப்பா" என்றான் மகன். தையல் கூடத்தில் வேலை. "இந்த மாத்திரையில தூக்கமா வருது. நேத்து காலர் இருக்க வேண்டிய இடத்துல சட்டைக் கையை வச்சுத் தச்சுட்டேன். இன்னொரு தடவைன்னா வேலை போயிடும்."

ஸ்டேஷன் மாஸ்டர் காதில் 'மரபணு' மட்டும்தான் விழுந்தது. ஒப்புக்கொண்டால் மச்சினன் ஆயுசுக்கும் குத்திக்காட்டுவான்.

"அப்ப இவ பக்கம்தான். இவ அக்கா, சுவர்க்கடிகாரம் முறைக்குதுன்னு போர்வை போட்டு மூடுவா."

"அது தூசிக்கு!" பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவி சீறினாள். "உங்க சித்தப்பா தினம் மின்கம்பத்தோட பேசலையா?"

"அவர் மின்வாரியத்துல இருந்தவர். அது ஆபீஸ் விஷயம்!"

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதுல வெட்கப்பட என்ன இருக்கு? இந்த மரபணுக்களுக்கும் கற்பனைத் திறனுக்கும் தொடர்பு இருக்கலாம்னுகூடச் சில ஆய்வுகள் சொல்லுது."

கணவனும் மனைவியும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "யோசிச்சுப் பார்த்தா... சித்தப்பா அந்தக் கம்பத்தைப் பத்திக் கவிதையே எழுதியிருக்கார், டாக்டர்."

"அந்தப் போர்வையில மயில் பின்னினதே எங்க அக்காதான்! இவன் எங்க ரத்தம்!"

"உங்க ரத்தமா? அவன் மூக்கைப் பாருடி. அப்படியே எங்க அப்பா மூக்கு!"

"டாக்டர்," மகன் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினான். "ரத்த சொந்தம் பத்தித் தெரியாதுன்னு எழுதிக்குங்க. இவங்க என்னைத் தத்தெடுத்தவங்க."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வளர்த்த மும்முரத்தில் இருவருக்குமே அது மறந்து போயிருந்தது.