பல் இருந்த பக்கம்

பல் திரும்பியிருந்தது.

அது, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த அவன் கண்ணில் மட்டும்தான் பட்டது.

அவன் நண்பன் சேனாபதி தன் காரின் பின்பக்க மட்கார்டில் குனிந்து, புது ஆன்டெனாவை ஓட்டைக்கு நேராகப் பிடித்திருந்தான். அதன் அடியில் வால் போல நீண்ட நைலான் கம்பி. கம்பியின் ஒரு பக்கம் பொடிப்பொடியாகப் பல். அந்தப் பல் உள்ளே இருக்கும் மோட்டாரைப் பார்த்து இருக்க வேண்டும். வெளியே பார்த்து இருந்தது.

காருக்குள் சேனாபதியின் மனைவி சுகந்தி, இரைந்துகொண்டிருந்த ரேடியோவின் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தாள். அவள் அணைத்தால் மோட்டார் கம்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் அணைக்க வேண்டும். தனி ஆளாகச் செய்கிற வேலை இல்லை.

கொடுத்து வைத்த பயல்.

இரண்டு மணி நேரமாக வெயிலில் புருஷனோடு நிற்கிறாள். துடைக்கத் துணி கொடுக்கிறாள். மோர் கொண்டுவருகிறாள். நட்டு உருண்டு ஓடினால் மண்டி போட்டுத் தேடுகிறாள். சிரிப்பு வேறு.

அவனுக்கு வயிறு எரிந்தது.

அதே மாடல் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அவன் வீட்டு ஷெட்டிலும் நிற்கிறது. சேனாபதியுடையது வெள்ளை, அவனுடையது சிவப்பு. ஒன்பது மாதத்துக்கு முன் இதே மாதிரி அவன் பிடிக்க, அவன் மனைவி பூங்கொடி ரேடியோவை அணைத்தாள். நைலான் உள்ளேயே முறிந்தது.

"உன்னை யாரு அவசரமா அமுக்கச் சொன்னது?"

அவன் கத்தியது தெருவுக்கே கேட்டது.

அன்று சாயங்காலம் மோட்டாரைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, பல்லை மாற்றிப் பிடித்தது அவன்தான் என்று. அதைப் பெண்டாட்டியிடம் போய்ச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

பூங்கொடி அதற்கப்புறம் ஷெட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி ஜப்பானிலிருந்து வரவழைத்த ஆன்டெனா, உறை பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது.

இப்போது ஒரே வார்த்தை. திருப்பிப் பிடி என்றால் போதும்.

சொல்லவில்லை.

கத்தட்டும். இவனும் கத்தட்டும். அந்தச் சிரிப்பு எங்கே போகிறதென்று பார்த்துவிடலாம்.

"ஆஃப் பண்ணட்டுங்களா?" உள்ளிருந்து சுகந்தி.

"ம், பண்ணு" என்றான் சேனாபதி.

மோட்டார் டர்ரென்று அரைத்தது. சேனாபதி கம்பியை அழுத்தினான். நைலான் மடங்கிப் பட்டென்று முறிந்தது. ஆறு மாதம் காத்திருந்து வந்த சாமான்.

சுகந்தி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

"அச்சச்சோ, நான் முந்தி அமுக்கிட்டனா?"

அவன் சேனாபதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சேனாபதி மிச்சத் துண்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"நீ ஒண்ணும் பண்ணல கண்ணு. பல்லை நான்தான் மாத்திப் புடிச்சுட்டேன்."

"ஆமா, பெரிய இஞ்சினியரு!" என்றாள் அவள்.

சேனாபதிக்குக் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் சிரித்துவிட்டான்.

அடப்பாவி, இவ்வளவுதானா? இதைச் சொல்லவா தனக்கு ஒன்பது மாதம் வாய் வராமல் போனது?

சுகந்தி நீட்டிய மோரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

வீட்டில் பூங்கொடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் பீரோவைத் திறந்து அந்த உறையை எடுத்துவந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அன்னிக்கு உன்மேல தப்பில்ல. பல்லை நான்தான் மாத்திப் புடிச்சேன்."

அவள் நிமிரவில்லை. ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள். இன்னொன்றை ஒடித்தாள்.

"சேனாபதி அண்ணன் காருக்கு மாட்டியாச்சுங்களா?"

"இல்ல. முறிஞ்சிருச்சு. அவனும் பல்லை மாத்தித்தான் புடிச்சான்."

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"நீங்க பக்கத்துல நின்னுமா?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்தான். உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சேனாபதி வீட்டுக்குப் போக வண்டிச் சாவியைத் தேடினான்.

"இருங்க, நானும் வரேன்" என்றாள் பூங்கொடி.

கீரையை ஓரமாகத் தள்ளிவிட்டு, கை கழுவப் போனாள்.