நாற்பதடி லென்ஸ்

பாறசாலையில் இருந்த அந்தப் பழைய கேமரா கடையில் விபினுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சேச்சி, என் ஃபிலிம் கேமராவுக்கு 250 எம்.எம். லென்ஸ் உண்டா? ரோட்டில நிண்ணு, நாற்பதடி தள்ளி எடுக்கணும்."

"ஆரை மக்கா?" என்றாள் கடைக்கார ஸ்ரீகுமாரி.

"அப்பாவை. மூணு வருசமா எங்கிட்ட மிண்டமாட்டாரு, ஒரு பேச்சு கிடையாது. என்னைக் கண்டா கதவை அடைச்சிருவாரு. என் மகளுக்கு அவரு முகத்தைக் காட்டணும்லா?"

அவள் 150 லென்ஸை எடுத்து வைத்தாள்.

"இது ஆறடிக்கு உள்ளதாக்கும். பக்கத்தில போய் இருந்து எடுக்கணும்."

"நான் கேட்டது 250 சேச்சி!"

"இருந்த ஒண்ணை நேத்து ஒரு பெரியவரு வாங்கிட்டாரு. ரோட்டில நிண்ணு பேத்தியை எடுக்கணுமாம். கண்டா மகன் கதவை அடைச்சிருவானாம்."

விபின் ஆறடி லென்ஸைக் கையில் எடுத்தான்.